நிலாவூர், பன்னிரண்டரை டிகிரி

இருபத்தொன்பது வருஷம் ரத்த வங்கியில்
குளிர்பெட்டியின் டிகிரியை எழுதி வந்தவன் நான்.
இரண்டுக்குக் குறையக் கூடாது,
ஆறைத் தாண்டக் கூடாது,
தாண்டினால் யாரையாவது தூக்கத்தில் எழுப்ப வேண்டும்.
ஓய்வு பெற்ற மறு மாதம்
ஏலகிரியில், நிலாவூர் போகிற வழியில்
முப்பது சென்ட் வாங்கி
கொய்யா மரத்தில் ஒரு வெப்பமானியைக் கட்டினேன்.
நோட்டும் அதே நோட்டுதான், மிச்சப் பக்கங்கள்.

மே மாதம் தார் ரோட்டில்
செருப்பு ஒட்டிக்கொள்ளும் வேலூரிலிருந்து வந்தவனுக்கு
பதினாலு வளைவு ஏறினாலே காஷ்மீர்.
ஸ்வெட்டர் வாங்கினேன். குரங்குக் குல்லா வாங்கினேன்.
ஜப்பான் பழம் வைப்பது என்று தீர்மானித்தேன்:
பெர்சிமன்.
நிறத்தில் தக்காளி, தலையில் நாலு மடல் தொப்பி.

குன்னூர் நாற்றுப்பண்ணை போஜன் போனில் கேட்டார்,
'உங்க ஊர்ல எவ்ளோ குளிர் சார்?'
நோட்டைப் பிரித்து வாசித்தேன்.
டிசம்பர் பதினெட்டு, பதிமூன்று.
ஜனவரி மூன்று, பன்னிரண்டரை.
பொங்கலன்று விடிகாலை பதினொன்று.
'ஏழுக்குக் கீழ?'
இல்லை.
'ஒரு ராத்திரிகூட?'
இல்லை.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
'அது குளிர் இல்ல சார். அது நல்ல காத்து.'

ஆனாலும் மனுஷர் கைவிடவில்லை.
ஃபூயு, சப்பை; கெட்டியாகவே கடிக்கலாம்,
குளிர் அதிகம் கேட்காது,
ஆனால் வெயில் போதாவிட்டால் துவர்ப்பு போகாது.
ஜிரோ, நாலு பக்கமும் லேசாகச் சதுரம்.
ஹச்சியா, மாட்டு இதயம் மாதிரி கூர்;
பழுத்துக் கூழாகிற வரை வாயில் வைக்க முடியாது,
நாக்கில் கம்பளி போர்த்தும்.
எது காய்க்கும் என்று கேட்டேன்.
'வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்' என்றார்.
ரத்த வங்கியில் யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

மூன்று வாரம் கட்டம் போட்டேன்.
குளிர் ஒரு பத்தி, வெயில் ஒரு பத்தி,
துவர்ப்புக்குச் சிவப்பு மை.
ஃபூயு ஜெயித்துக்கொண்டிருந்தது.

மெகருன்னிசா அரிசி களைந்துகொண்டே சொன்னாள்,
'துவர்க்கிறதையே வாங்குங்க.'
ஏன்?
'போன வருஷம் கொய்யா எத்தனை தின்னீங்க?'
ஒன்று. அதுவும் பாதி.
மிச்சம் முழுக்கக் குரங்கு.
'துவர்ப்பா இருந்தா ஒண்ணைக் கடிச்சிட்டுத் துப்பிட்டுப் போயிடும்.
கெட்டியா இருக்கிறப்பவே பறிச்சு
அரிசிப் பானையில போட்டு வெப்போம்.
தானாப் பழுக்கும்.'

என் கட்டத்தில் குரங்குக்குப் பத்தியே இல்லை.

ஆடியில் இரண்டு ஹச்சியா வந்தது,
சாக்கில் சுற்றி, பொன்னேரி கூட்டுரோடு வரை பஸ்ஸில்.
அப்புறம் வெள்ளையன் தோளில்.
ஆளுக்கொரு குழி; எரு, செம்மண்.
மெகரு ஓர் இலையைப் பிடித்தாள்,
விடவில்லை.
கட்டைவிரலால் நடுநரம்பை ஒருமுறை அளந்தாள்.
'இது பீடி இலைங்க.'
இல்லை, இது ஜப்பான் என்றேன்.
'இலை எனக்குத் தெரியாதா?'
பேர்ணாம்பட்டில் பதினாறு வருஷம்,
ஒரு நாளைக்கு ஆயிரம்.
அன்றிரவு போஜனை எழுப்பிக் கேட்டேன்.
'ஒரே வகையறாதான் சார், அக்கா தங்கச்சி' என்றார்.
குளிர்பெட்டி ஆறைத் தாண்டினால் எழுப்புகிற
அதே நேரம், பதினொன்றே கால்.

மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் பூக்கவில்லை.
மார்கழியில் மட்டும்
பன்னிரண்டு டிகிரியை எப்படியோ குளிர் என்று நம்பி
இலைகள் ஆரஞ்சாகின்றன.
இன்று காலை ஒன்று விழுந்தது.
அவள் அதைத் தண்ணீரில் நனைத்தாள்,
கத்தரியால் நீளச் சதுரமாக வெட்டினாள்,
உள்ளே ஒன்றும் வைக்காமல் சுருட்டி,
நுனி மடக்கி,
என் சட்டைப் பொத்தான் தைக்கிற சிவப்பு நூலால் கட்டினாள்.
பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நொடிகூட இல்லை.

நோட்டில் எழுதினேன்:
காலை ஆறு. பன்னிரண்டரை.
இலை ஒன்று.